திருகோணமலை என்னும் மரக்கலம்

நுழையும்முன்

மரத்தால் ஆகிய போர்க்கப்பல்களுள் பல போரில் எரிந்தன. பல புயலில் உடைந்தன. எஞ்சியவை மூப்பெய்தி உடைக்கப்பட்டு விறகாயின. இம்முடிவுகளிலிருந்து தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று, இந்தியத் தச்சர்கள் பம்பாயில் கட்டிய கப்பல். இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அது நீரில் மிதக்கிறது. ஒரு கப்பல் யாருடையது என்பதை முடிவு செய்வது எது? கட்டிய கைகளா, ஏற்றிய கொடியா, வரைந்த அறிவா? அக்கப்பலின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது.

பெயரும் பிறப்பும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே மூன்று பாய்மரங்களுடன் நிற்கும் பழைய போர்க்கப்பலின் பெயர் 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையே ஆங்கிலேயர் நாவில் இவ்வாறு திரிந்தது. 1782ஆம் ஆண்டு அத்துறைமுகத்தை அடுத்த கடலில் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் பொருதன. வெற்றி தோல்வி தெளிவாக அமையாத அப்போரின் நினைவாகவே இப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் இலங்கைக்குரியது; உடல் இந்தியத் தேக்கு; கொடி ஆங்கிலேயருடையது.

இக்கப்பல் 'ஃபிரிகேட்' என்னும் வகையைச் சேர்ந்தது. பாய்மரக் காலத்துப் பெரும் போர்க்கப்பல்களில் பீரங்கித் தளங்கள் இரண்டு, மூன்று அடுக்குகளாக இருந்தன. ஃபிரிகேட்டில் முதன்மையான பீரங்கித் தளம் ஒன்றே. அதனால் எடை குறைந்தது, விரைவு மிகுந்தது. பகைவரின் நடமாட்டத்தை வேவு பார்த்தல், வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லுதல், செய்தி கொண்டு செல்லுதல் ஆகியவை இவ்வகைக் கப்பல்களின் பணிகள்.

ஓக் குறைந்தது, தேக்கு அழைக்கப்பட்டது

நெப்போலியனுடன் நிகழ்ந்த நெடும்போர்களின்போது ஆங்கிலேயக் கடற்படைக்குக் கப்பல்கள் மிகுதியாகத் தேவைப்பட்டன. பெரிய போர்க்கப்பல் ஒன்றைக் கட்ட ஆயிரக்கணக்கான ஓக் மரங்கள் வேண்டும். இங்கிலாந்தில் முதிர்ந்த ஓக் மரங்கள் அருகின. எனவே கடற்படையின் பார்வை பம்பாயை நோக்கித் திரும்பியது.

பம்பாயில் வாடியா என்னும் பார்சிக் குடும்பம் கப்பல் கட்டும் கலையில் தலைமுறை தலைமுறையாகச் சிறந்து விளங்கியது. அக்குடும்பத்தின் முன்னோரான லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா 1736ஆம் ஆண்டு சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். அவர் மரபில் வந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, 1810ஆம் ஆண்டு 'மிண்டன்' என்னும் பெரும் போர்க்கப்பலைக் கட்டினார். அவர் 1813ஆம் ஆண்டு கட்டி முடித்த 'கார்ன்வாலிஸ்' என்னும் கப்பலின் மீதுதான், 1842ஆம் ஆண்டு சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது.

தெரிந்து தெளிவோம்

ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கிலுள்ள எண்ணெய்ப் பசை ஆணிகளைக் காக்கும். கரையானையும் மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சையையும் எதிர்த்து நிற்கும். 'தேக்கு' என்னும் திராவிடச் சொல்லே போர்த்துக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. 'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல்லும் 'கேட்டமரான்' என ஆங்கிலத்தில் வழங்குகிறது.

கடலில் மறைந்த வரைபடம்

1812ஆம் ஆண்டு இப்புதிய ஃபிரிகேட்டைக் கட்டுமாறு ஆணை பிறந்தது. அதன் வரைபடங்கள் 'ஜாவா' என்னும் ஆங்கிலேயக் கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் மாதம் பிரேசில் கரைக்கு அப்பால், அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' என்னும் கப்பல் ஜாவாவை வென்று அழித்தது. வரைபடங்களும் அதனோடு மறைந்தன. மறுபடி வேறு வரைபடங்களை அனுப்ப நேர்ந்தது. அவற்றைக் கொண்டு 1816ஆம் ஆண்டு வேலை தொடங்கியபோது நெப்போலியனுடனான போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. எந்தப் போருக்காகத் திட்டமிடப்பட்டதோ, அந்தப் போர் ஓய்ந்த பின்னரே இக்கப்பல் பிறந்தது.

முதலில் கப்பலின் முதுகெலும்பாகிய எரா கிடத்தப்பட்டது. பார்சி மரபின்படி அதில் எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்று அறையப்பட்டது. கப்பலுக்கு அது நலம் தரும் என்பது நம்பிக்கை. பின்னர் எராவின் இருபுறமும் விலா எலும்புகள்போல வளைந்த சட்டங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றின்மேல் தேக்குப் பலகைகள் பொருத்தப்பட்டன. பலகைகளின் இடுக்குகளில் நார் திணித்துக் கீல் பூசப்பட்டது. நீரில் அமிழும் பகுதியைக் கடற்புழுக்கள் துளைக்காதிருக்கச் செப்புத் தகடு வேயப்பட்டது. பீரங்கித் தளத்தில் ஏறக்குறைய 150 அடி நீளமும், 40 அடி அகலமும் கொண்ட இக்கலம் 38 பீரங்கிகளைத் தாங்கும் தரத்தது. 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் இது நீரில் இறக்கப்பட்டது.

போர் காணாத போர்க்கப்பல்

1818ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல், அடுத்த ஆண்டு ஜனவரியில் செயிண்ட் ஹெலினா தீவில் தங்கியது. எந்த நெப்போலியனை எதிர்க்க இக்கப்பல் எண்ணப்பட்டதோ, அதே நெப்போலியன் அப்போது அத்தீவில் சிறைக்காவலில் இருந்தார். ஏப்ரலில் கப்பல் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடைந்தது. அமைதிக் காலத்தில் அதற்கு வேலை இல்லை. ஆகவே, சுமார் இருபத்தாறு ஆண்டுகள் அது துறைமுகத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது.

1845ஆம் ஆண்டு தொடங்கிய சீரமைப்பில் பீரங்கிகளின் எண்ணிக்கை 26 ஆகக் குறைந்தது. பின்னர் 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதிகளிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக் பெருங்கடலிலும் அது பணியாற்றியது. கிரிமியப் போர்க்காலத்திலும் பசிபிக்கில் சுற்றுக்காவல் புரிந்ததேயன்றிப் பெருங்கடற்போர் எதிலும் அது ஈடுபடவில்லை. அதற்குள் நீராவிப் பொறியும் இரும்புக் கவசமும் கடற்படைகளை மாற்றத் தொடங்கியிருந்தன.

அதன்பின் இக்கப்பல் மாலுமிகளுக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. 1897ஆம் ஆண்டு உடைப்பதற்காக விற்கப்பட்டது. அதே ஆண்டு, ஜெஃப்ரி வீட்லி காப் என்பவர் வைத்திருந்த 'ஃபூட்ராயண்ட்' என்னும் பழைய கப்பல் புயலில் சிதைந்தது. அது நெல்சனின் கொடிக்கப்பலாக விளங்கியது. அதற்கு ஈடாக ஒரு கப்பலைத் தேடிய காப், உடைக்கப்பட இருந்த டிரிங்கோமலியை வாங்கினார், சீரமைத்தார், இழந்த கப்பலின் பெயரை அதற்குச் சூட்டினார். அப்பெயருடன் அது 1986ஆம் ஆண்டு வரை இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளித்தது. அது பகைவரோடு பொருத நாள்களைவிட மாணவருக்குக் கற்பித்த நாள்களே மிகுதி.

1987ஆம் ஆண்டு கப்பல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சீரமைப்பு 1990ஆம் ஆண்டு தொடங்கி 2001 வரை நடந்தது. இடையில் 1992ஆம் ஆண்டு அதன் பழைய பெயர் மீண்டது. பிரிட்டனில் இன்றும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் இதுவே மிகப் பழையது. அதன் உடற்பகுதியில் பாதிக்கும் மேற்பட்டவை பம்பாயில் பொருத்தப்பட்ட அதே மரங்கள். சீரமைப்பாளர்களுக்கு அவற்றை நீக்க வேண்டிய தேவை எழவில்லை. பம்பாய்த் தச்சரின் வேலைக்கு இதனினும் சிறந்த நற்சான்று வேண்டுவதில்லை.

கை, கொடி, வரைபடம்

இக்கப்பலைக் காணும் இந்தியருக்குப் பெருமிதத்தோடு ஓர் ஏக்கமும் எழுவது இயல்பு. காட்டில் மரம் வெட்டியவர், அதை வாளால் அறுத்தவர், இழைத்தவர், ஆணி அறைந்தவர் அனைவரும் இந்நாட்டினர். அவர்களுள் தலைமைத் தச்சரின் பெயரை வரலாறு போற்றி வைத்திருக்கிறது; உடன் உழைத்த மற்றவர்களின் பெயர்களைப் பலரும் அறியார். அவர்கள் கட்டிய கலம் அவர்களுடைய நாட்டைக் காக்கவில்லை. அந்நாட்டை ஆண்டவர்களின் கடலாட்சியைக் காத்தது. கைகள் நம்முடையவை, கொடியும் வரைபடமும் பிறருடையவை.

விடுதலைக்குப் பின் அதே பம்பாயில் இம்மூன்றும் ஒவ்வொன்றாக ஒன்றுசேர்ந்தன. மசகான் கப்பல் கட்டுந்தளத்தில் உருவான 'ஐ.என்.எஸ். நீலகிரி' என்னும் ஃபிரிகேட், 1972ஆம் ஆண்டு இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. தமிழகத்து மலையின் பெயரைத் தாங்கிய அக்கப்பலைக் கட்டிய கைகள் நம்முடையவை, கொடியும் நம்முடையது, அடிப்படை வடிவமைப்பு மட்டும் பிரிட்டனின் 'லியாண்டர்' வகையைச் சேர்ந்தது. அது 1996ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றது. அதே பெயருடன், அதே தளத்தில் கட்டப்பட்ட புதிய நீலகிரி 2025ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. அதை வடிவமைத்ததும் இந்தியக் கடற்படையின் வடிவமைப்புப் பிரிவே.

வரைபடம் கடலில் மூழ்கியதால் வேறொரு நாட்டிலிருந்து மற்றொரு வரைபடத்துக்காகக் காத்திருந்த துறைமுகம், தானே வரைந்து தானே கட்டும் நிலையை எய்த இரு நூற்றாண்டுகள் ஆயின. கைத்திறன் அன்றும் குறைவாக இல்லை என்பதற்குச் சான்றாக, ஹார்ட்டில்பூலின் நீரில் அந்தத் தேக்குமரக் கலம் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

சொல்லும் பொருளும்

எரா – கப்பலின் அடிமரம்
பொருதல் – போரிடுதல்
கீல் – மரப்பலகைகளின் இடுக்கில் பூசும் தார் போன்ற பொருள்
கொடிக்கப்பல் – படைத்தலைவர் தம் கொடியேற்றிச் செல்லும் கப்பல்

கற்பவை கற்றபின்

1. 'கை, கொடி, வரைபடம்' என்னும் மூன்றையும் கொண்டு, இப்பாடத்தில் இடம்பெறும் மூன்று ஃபிரிகேட்டுகளை ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் ஊரில் பழைமையான மரவேலைப்பாடு ஒன்றைக் கண்டறிந்து, அதன் மரவகை, பொருத்தப்பட்ட முறை ஆகியவற்றைக் குறித்து வந்து வகுப்பில் பேசுக.