முதல் சீட்டைத் தொடுவதற்கு முன்

பிரிட்ஜில் ஏலம் முடிந்துவிட்டது. இடப்பக்கத்து எதிராளி முதல் சீட்டை இறக்கிவிட்டார். எதிரே இருக்கும் கூட்டாளி தன் 13 சீட்டையும் டம்மியாக மேசையில் விரிக்கிறார். இனி இரண்டு கையையும் ஆடப்போவது டிக்ளேரரான நீங்கள்தான். உங்கள் அணியின் 26 சீட்டும் உங்களுக்குத் தெரியும். எதிராளிகளுக்கோ தங்கள் கூட்டாளியின் கையில் இருப்பது ஊகம்தான். இந்த அனுகூலத்தை முதல் பத்து விநாடி அவசரத்தில் தொலைப்பவர்களே அதிகம். தோற்ற ஆட்டங்களைத் திரும்ப விரித்துப் பார்த்தால், பெரும்பாலும் முதல் இரண்டு பிடிகளிலேயே தவறு நடந்திருக்கும்.

ஆகவே முதல் படி, டம்மியிலிருந்து எதையும் இறக்காமல் நிறுத்துவது. கேட்ட இனத்தில் டம்மியிடம் ஒரே ஒரு சீட்டு இருந்தாலும் நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது எண்ணிக்கை. நோ டிரம்ப் ஆட்டத்தில், எதிராளிக்கு முன்கையே கொடுக்காமல் இப்போதே எடுக்கக்கூடிய பிடிகளை எண்ண வேண்டும். துருப்பு ஆட்டத்தில் கைவிட்டுப் போகக்கூடிய பிடிகளை எண்ணுவது எளிது. ஒரு கையை வைத்தே பார்ப்போம். நீங்கள் தெற்கு. 17 புள்ளியோடு 1 நோ டிரம்ப் சொன்னீர்கள், 10 புள்ளி வைத்திருந்த கூட்டாளி 3 நோ டிரம்புக்கு உயர்த்தினார். 9 பிடி வேண்டும்.

டம்மி: ஸ்பேட் 7, 4. ஆர்ட்டின் ராணி, 8, 3. டைமண்ட் ஏஸ், ஜாக்கி, 10, 9, 5. கிளாவர் ராஜா, 6, 2.

உங்கள் கை: ஸ்பேட் ஏஸ், 8, 3. ஆர்ட்டின் ஏஸ், ராஜா, 5. டைமண்ட் ராணி, 8, 4. கிளாவர் ஏஸ், 9, 7, 3.

மேற்கு ஸ்பேட் 5 இறக்குகிறார். கிழக்கு அதன்மேல் ராணியைப் போடுகிறார்.

எண்ணுங்கள். ஸ்பேடில் 1, ஆர்ட்டினில் 3, டைமண்டில் 1, கிளாவரில் 2. மொத்தம் 7, இன்னும் இரண்டு வேண்டும். அவை எங்கிருந்து வரும் என்பதில் சந்தேகமே இல்லை. டைமண்ட் ராஜா மேற்கிடம் இருந்தால், ராணியை ஓட விட்டு ஃபினெஸ் செய்து ஐந்து பிடியும் எடுக்கலாம். அது கிழக்கிடம் இருந்து ஒரு பிடி போனாலும் நான்கு பிடி நிச்சயம். டைமண்ட் எப்படியும் காப்பாற்றிவிடும்.

பலர் இந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்திவிட்டு, ஸ்பேட் ஏஸால் ராணியைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு டைமண்ட் ராணியை விடுகிறார்கள். கிழக்கு ராஜாவால் பிடித்து ஸ்பேடைத் திருப்புகிறார், நான்கு ஸ்பேட் பிடி வரிசையாகப் போகிறது. டைமண்டோடு சேர்த்து ஐந்து பிடி போய், ஆட்டம் ஒரு பிடியில் விழுகிறது.

கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுதான்: முன்கை போனால் யாரிடம் போகும், அவர் அப்போது என்ன இறக்குவார்? ஃபினெஸ் பலிக்குமா என்பதைவிட இந்தக் கேள்வியே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. இங்கே டைமண்ட் தவறினால் முன்கை கிழக்கிடம்தான் போகும். நீண்ட ஸ்பேட் இருப்பதோ மேற்கிடம். கிழக்கின் கையில் ஸ்பேடே இல்லாமல் செய்துவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கு ஏஸைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எத்தனை முறை? இந்தச் சூழலுக்கு ஒரு கணக்கு உண்டு: உங்கள் இரு கையிலும் அந்த இனத்தில் உள்ள சீட்டுகளை 7-இலிருந்து கழியுங்கள். இங்கே ஐந்து ஸ்பேட், ஆக இரண்டு முறை விடவேண்டும். முதல் பிடியில் 3-ஐப் போடுங்கள், இரண்டாவதில் 8-ஐ. மூன்றாவது முறை ஏஸால் எடுக்கும்போது, டம்மியில் ஸ்பேட் தீர்ந்திருக்கும், அங்கே கிளாவர் 2-ஐக் கழியுங்கள். இப்போது டைமண்ட் ராணி. கிழக்கு ராஜாவால் பிடித்தாலும், ஸ்பேட் 5-3 ஆகப் பிரிந்திருந்தால் அவரிடம் திருப்ப ஸ்பேட் இல்லை. எதைத் திருப்பினாலும் உங்களுக்கு 10 பிடி. ஒருவேளை 4-4 ஆகப் பிரிந்திருந்தால் எதிராளிக்கு மூன்று ஸ்பேடும் ஒரு டைமண்டும் மட்டுமே, 9 பிடி உங்களுடையது.

ஏஸைப் பிடித்து வைக்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: எதிராளி வேறு இனத்துக்கு மாறினால் அங்கே நம் நிலை இன்னும் மோசமா? இந்தக் கையில் ஆர்ட்டினும் கிளாவரும் பலமாக இருக்கின்றன, ஆகவே தைரியமாக விடலாம். கிளாவரில் நமக்கு இரண்டு சின்னச் சீட்டு மட்டும் இருந்திருந்தால் கதையே வேறு.

11 பிடிக்கு ஆசைப்படலாமா? ஹரால்ட் வாண்டர்பில்ட் 1925-இல் அமைத்த புள்ளி முறையில், ஏலத்தில் கேட்ட பிடிகளே கேமுக்குக் கணக்காகும். ஆகவே ரப்பர் ஆட்டத்தில் கூடுதல் பிடிக்காகக் கேட்டதைப் பணயம் வைப்பது வீண். ஜோடிப் போட்டிகளில் ஒரு கூடுதல் பிடியே வரிசையை மாற்றும் என்பதால் அங்கே கணக்கு வேறு.

துருப்பு ஆட்டத்துக்கு வருவோம். துருப்பை உடனே உருவிவிட வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது பொதுவாகச் சரி. ஆனால் டம்மியின் துருப்பால் வெட்ட வேண்டிய வேலை இருந்தால் அதற்கு முதலிடம். உங்கள் கையில் ஆர்ட்டின் ஏஸ், 7, 4 என்றும் டம்மியில் 6, 2 என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் ஏஸை எடுத்து, ஒரு ஆர்ட்டினை விட்டுக்கொடுத்து, மூன்றாவதை டம்மியில் வெட்டினால் ஒரு பிடி மிச்சம். டம்மியில் மூன்று துருப்பே இருக்கும்போது மூன்று சுற்று உருவிவிட்டால் வெட்ட எதுவும் மிஞ்சாது.

போக்குவரத்தையும் மறந்துவிடாதீர்கள். டம்மியில் ஏஸ், ஜாக்கி, 5, 3, உங்கள் கையில் ராஜா, ராணி மட்டும் என்றால், அந்த இரண்டையும் முதலில் எடுத்துவிட்டு, வேறு இனத்தின் வழியாக டம்மிக்குப் போகவேண்டும். அந்த வழியை முன்பே செலவழித்திருந்தால் மேசையில் கிடக்கும் பிடிகள் வெறும் காட்சிதான்.

இரண்டு வாய்ப்புகள் இருக்கும்போது வரிசை முக்கியம். எதிராளிகளிடம் ஆறு சீட்டு இருக்கும் இனம் 3-3 ஆகப் பிரிய சுமார் 36 சதவீதம், 4-2 ஆகப் பிரிய சுமார் 48. ஒரு ஃபினெஸ் பலிக்க 50. கையில் ராணி, 7, 3, டம்மியில் ஏஸ், ராஜா, 4, 2. இன்னொரு இனத்தில் ஏஸ், ராணி. ஒரே ஒரு பிடி குறைகிறது, ஃபினெஸ் தவறினால் ஆட்டம் போய்விடும் என்ற நிலை. ஃபினெஸுக்கு உடனே பாய்ந்தால் 50 சதவீதம்தான். முதலில் அந்த நீண்ட இனத்தை மூன்று சுற்று ஆடிப் பார்த்து, பிரியாவிட்டால் மட்டும் ஃபினெஸுக்குப் போனால், 36-உம் மிச்சமுள்ள 64-இல் பாதியும் சேர்ந்து 68 ஆகிறது.

முதலில் பார்த்த கையை வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து விரித்துப் பாருங்கள். மேற்கு: ஸ்பேட் ராஜா, ஜாக்கி, 9, 5, 2. ஆர்ட்டின் 10, 6, 2. டைமண்ட் 7, 3. கிளாவர் ஜாக்கி, 8, 4. மீதி 13-உம் கிழக்குக்கு. ஏஸை உடனே எடுத்து ஒருமுறையும், மூன்றாவதில் எடுத்து ஒருமுறையும் ஆடுங்கள். பிறகு மேற்கின் ஸ்பேட் 2-ஐக் கிழக்கின் கிளாவர் 5-உடன் மாற்றி வைத்து மீண்டும் ஆடுங்கள்.