வள்ளுவரின் போர்நெறியும் ஜவ்வாது மலைச் சாமையும்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் (48, 49, 50) அடுத்தடுத்து அமைந்துள்ளன. பகைமேற் செல்லும் அரசனுக்கு உரியனவாகப் பரிமேலழகர் இவற்றுக்குப் பொருள் காண்பார். வணிகத் திட்டத்துக்கும் இவை பொருந்துமாற்றைத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிற் பரவிய ஜவ்வாது மலையில் விளையும் சாமையைக் கொண்டு காண்போம்.

வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என வலி நான்கு. சில மூட்டைகளே விளைவிக்கும் மலைவாழ் உழவர் தனித்து நின்று விலை பேசுதல் அரிது. பலர் கூடி விற்பின் அதுவே துணைவலி.

காக்கை பகலில் கூகையை வெல்லும் என்பது காலத்துக்கு வள்ளுவர் காட்டும் சான்று. அறுவடையில் எல்லார் சாமையும் ஒருங்கே சந்தைக்கு வர, விலை தாழும். உமி நீக்காத சாமை நெடுநாள் கெடாது. எனினும் காத்திருக்கக் கைப்பொருள் வேண்டும். ஆதலின் கிடங்கும் முன்பணமும் திட்டத்தில் முதலிடம் பெறல் வேண்டும்.

ஆழ்ந்த நீரில் வெல்லும் முதலை, நீரை விட்டு நீங்கின் தோற்கும். உமி நீக்கி அரிசியாக்கும் தொழிலை மலையிலேயே நடத்தினால் அரவைக் கூலியும் தவிடும் மலையிலேயே தங்கும்.

ஒரு வேறுபாட்டையும் மாணாக்கர் மறத்தலாகாது. போரில் மாற்றானை வீழ்த்துதல் வெற்றி. வணிகத்திலோ, வாங்கியவர் நம்பி மீண்டும் வருதலே வெற்றி.