கருவறைக்குக் கூலி உண்டா?



சில நாட்களுக்கு முன் பீர்க்கன்கரணையில் மஃரிபுத் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தேன். ஒரு பெரியவர் தயங்கியபடி அருகில் வந்தார். "ஹஜ்ரத், என் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை வேண்டும் என்கிறாள். ஆனால் தானே சுமந்தால் கிடைக்கவிருக்கும் பதவி உயர்வு போய்விடுமாம். பணம் கொடுத்து வேறொரு பெண்ணைச் சுமக்கச் சொன்னால் என்ன, பால் கொடுப்பவளுக்குக் கூலி கொடுக்கலாம் என்று மார்க்கமே சொல்கிறதே என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?" என்றார்.

கேட்ட பெண்ணைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. பாலூட்டுவதை ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அது விளக்கம் பெற வேண்டிய கேள்வி.

கணவனின் விந்தையும் மனைவியின் கருமுட்டையையும் மருத்துவக் கூடத்தில் இணைத்து, உருவாகும் கருவை மற்றொரு பெண்ணின் கருப்பையில் வைப்பதையே வாடகைத் தாய் முறை என்கிறோம். மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம், ஒரே கணவனின் இரு மனைவியருக்கிடையே மட்டும் இதை 1984-ல் அனுமதித்தது. உண்மைத் தாய் யார் என்ற குழப்பம் நேரும் என்பதால், மறு ஆண்டே அந்த அனுமதியையும் விலக்கிக்கொண்டது. 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இம்முறையை ஹராம் என்று தீர்மானித்தது. ஈரானின் ஷியா அறிஞர்கள் பலர் அனுமதித்திருந்தாலும், அஹ்லுஸ் ஸுன்னத் உலமாக்களில் மிகப் பெரும்பாலோரின் முடிவு இதுவே. கருப்பை இல்லாத பெண்ணுக்கே இதுதான் சட்டம் என்றால், நல்ல உடல்நலமுள்ள பெண்ணுக்கு என்ன விலக்கு இருக்க முடியும்?

இனி, பாலூட்டும் கூலிக்கு வருவோம். தலாக்குப் பெற்ற தாய் பிள்ளைக்குப் பாலூட்டினால் அவளுக்குரிய கூலியைக் கொடுக்கும்படி ஸூரத்துத் தலாக்கின் 6-ஆம் வசனம் கூறுகிறது. நபி (ஸல்) அவர்களே ஹலீமா ஸஅதிய்யா அம்மையாரிடம் பால் அருந்தி வளர்ந்தவர்கள். ஆனால் அந்தக் கூலியோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? இல்லை. பாலூட்டியவள் பால்குடித் தாய் ஆகிறாள். அவள் பிள்ளைகள் இக்குழந்தைக்கு உடன்பிறப்புகள். அவர்களுக்குள் நிக்காஹ் என்றென்றும் ஹராம். ஷரீஅத் கூலியை அனுமதித்து, உறவையும் நிலைநிறுத்தியது.

வாடகைத் தாய் ஒப்பந்தம் இதற்கு நேர் எதிரானது. இங்கே பணம் கொடுக்கப்படுவதே உறவை அறுப்பதற்காகத்தான். பெற்றவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, தாய் என்ற பெயரே இல்லாமல் போய்விட வேண்டும். சில வேளைப் பால் அருந்தியதற்கே தாய் என்று பெயர் கொடுத்த மார்க்கம், பல மாதம் தன் இரத்தத்தால் வளர்த்துப் பெற்றவளை அந்நியள் ஆக்குமா? ஸூரத்துல் முஜாதலாவின் 2-ஆம் வசனம், பெற்றெடுத்தவர்களே தாய்மார்கள் என்ற பொருளைத் தெளிவாகத் தருகிறது. ஆகவே பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி, அந்த மகள் பணம் கொடுத்துப் பெறுவது ஒரு பிள்ளையை, இழப்பதோ தாய்மையை!

ஒப்பந்தம் தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2008-ஆம் ஆண்டே சாட்சி. குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு ஜப்பானியத் தம்பதியருக்காக வாடகைத் தாய் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அதற்குள் தம்பதியர் பிரிந்துவிட்டனர். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. கருமுட்டை தந்தவளோ வேறொருத்தி. மூன்று பெண்கள் சம்பந்தப்பட்டும் தாய் என்று முன்வர ஒருவர் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் பாட்டிதான் குழந்தையை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றார்.

2022 ஜனவரி 25 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசின் சட்டமும் பணத்துக்காகச் சுமப்பதைத் தடை செய்கிறது. மருத்துவக் காரணம் இல்லாமல் அனுமதி இல்லை. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் நடிகை நயன்தாரா, இயக்குநர் விக்னேஷ் சிவன் தம்பதியரின் இரட்டைக் குழந்தைகளைப் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு நடந்தது. தமிழக அரசு விசாரித்து, அவர்கள் சட்டத்தை மீறவில்லை என்று அறிவித்தது. பிறர் வீட்டுக் காரணங்களைத் துருவிப் பேசுவது புறம் பேசும் பாவத்தில் கொண்டுபோய் விடும். இம்முறையில் பிறந்த குழந்தைகள் மீதோ எந்தக் குற்றமும் இல்லை. அவர்களை இழித்துப் பேசாதீர்கள்.

பெரியவரிடம் நான் இறுதியாகச் சொன்னது என் சொந்தக் கருத்து. "வாப்பா, மகளைத் திட்டாதீர்கள். முதலில் மருமகனையும் சம்பந்தி வீட்டாரையும் அழைத்துப் பேசுங்கள். வேலையும் பிள்ளையும் ஒரு தோளில் மட்டும் விழும் என்ற பயமே அவளை இப்படிக் கேட்க வைக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்புப் பெற 2017-லிருந்து சட்டம் இடம் தருகிறது. இருவரும் சம்மதித்துச் சில காலம் தள்ளிப்போடவும் வழி உண்டு; ஸஹாபாக்கள் அஸ்ல் செய்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சுமக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று மகளிடம் சொல்லுங்கள். அந்தக் கூலியை மட்டும் வேறொருத்திக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்" என்றேன்.

மகப்பேறு வேண்டிக் காத்திருப்போருக்கு அல்லாஹுதஆலா ஸாலிஹான பிள்ளைகளையும், கிடைக்கப்பெறாதோருக்கு அழகிய பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.