இரத்த அழுத்தம் பார்க்கப் பழகுவோம்

"பிரஷர் பார்ப்பதற்கும் ஒரு பயிற்சியா? அதற்கும் சான்றிதழா?" என்று வீட்டில் சிரித்தார்கள். பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கி, முள் காட்டுவதை எழுதுவதுதானே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் இலவச இதய நலப் பரிசோதனையில் தொண்டு செய்ய விரும்புவோர் இரண்டு நாள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும் என்பது விதி. மருத்துவம் படிக்காத நானும் பெயர் கொடுத்தேன். முதல் தேர்வில் தோற்றும் போனேன்.

ஊசி குத்தாமல் இதயத்தின் சுமையை அறிய உதவும் இக்கருவிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரொச்சி புயத்தில் சுற்றும் காற்றுப்பட்டையை அறிமுகப்படுத்தினார். நாடியைத் தொட்டுப் பார்த்து மேல் அளவை மட்டுமே அவரால் கணிக்க முடிந்தது. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் இரண்டு அளவுகளும் கிடைக்கும் என்று காட்டினார். பட்டை இறுகி இரத்தக்குழாயை அடைத்திருக்கும்போது ஒலி இல்லை. காற்றை மெல்ல விட்டால் இரத்தம் இடுக்கில் பீறிட்டுப் பாயும். அப்போது கேட்கும் முதல் 'டக்' மேல் அளவு. குழாய் முழுதும் திறந்ததும் ஒலி மறையும். அது கீழ் அளவு.

தேர்வு முறை எளியதுதான். ஒரே ஸ்டெதஸ்கோப்பில் இரண்டு சோடிக் காதுக்குழல்கள். ஒன்று என் காதில், மற்றொன்று பயிற்றுநரின் காதில். இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். வேறுபாடு நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் தேர்ச்சி இல்லை. நான் 130/80 என்று எழுதினேன். அவர் தாளில் 138/86 என்றிருந்தது.

பயிற்றுநர் பணி ஓய்வு பெற்ற தாதி. நாங்கள் 'மிஸ்ஸி' என்றே அழைத்தோம். என் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டினார். ஏறக்குறைய எல்லா எண்களும் பூச்சியத்தில் முடிந்திருந்தன. அளவுகோலில் இரண்டிரண்டாகக் கோடுகள் இருக்க, நான் மட்டும் பத்துப் பத்தாகத் தாவியிருக்கிறேன்! "தம்பி, இதெல்லாம் காதுல கேட்டதா, மனசுல நெனச்சதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வினாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம் இறங்க வேண்டிய காற்றை நான் அவசரமாகத் திறந்துவிட்டதும் ஒரு காரணம். முதல் ஒலி கேட்பதற்குள் முள் கீழே ஓடிவிடும். எட்டு மில்லிமீட்டர் என்ன பெரிய குற்றமா என்று கேட்கலாம். மருந்தகத்தில் எடுக்கும் அளவு 140/90ஐ எட்டினால் உயர் இரத்த அழுத்தமா என்று ஆராய வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் பின்பற்றும் எல்லை. 146 உள்ளவரை 138 என்று எழுதினால், "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

இன்று பெரும்பாலும் தானியங்கிக் கருவிகளே புழங்குகின்றன. ஆனால் நாடி ஒழுங்கின்றித் துடிப்பவர்களிடம் அவற்றின் கணக்குப் பிசகலாம். தவிர, எந்தக் கருவியானாலும் தயாரிப்பு மாறாது. ஐந்து நிமிட ஓய்வு, சாய்ந்த முதுகு, தரையில் ஊன்றிய பாதங்கள், இதய மட்டத்தில் கை, மூடிய வாய். பருத்த புயத்தில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தையும் அது காட்டும்.

மறுதேர்வில் தேறி, ஒரு கோவில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். "எனக்குக் கொதிப்பெல்லாம் இல்ல தம்பி. நான் யாருகிட்டயும் கோவப்படமாட்டேன்" என்றார். பேச்சோடு பேச்சாக எடுத்த அளவு 176/98. நான் செய்த பிழை; அமைதியாக இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மீண்டும் எடுத்தேன்: 164/94. இன்னொரு முறை: 162/94. '160' என்று எழுதக் கை துடித்தது. 162 என்றே எழுதினேன்.

தமிழ் படிக்கும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'இரத்தக் கொதிப்பு' என்ற சொல் அந்த அம்மாவை ஏமாற்றியிருக்கிறது. கொதித்தால் தெரியும்தானே, சூடு வரும், கோபம் வரும், தலை வலிக்கும் என்று அவர் நம்புகிறார். உயர் அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. மலாய்க்காரர்களின் 'டாரா திங்கி' உயரத்தையாவது சொல்கிறது. 'இரத்த அழுத்தம்' என்ற நல்ல சொல் நம் பாடநூலில் இருந்தும், மண்டபத்துக்கு வந்து சேரவில்லை.

அவரிடம் குழாய்த் தண்ணீரை வைத்துச் சொன்னேன். "குழாயில தண்ணி வேகமா வந்தா குழாய்க்கு வலிக்குமாம்மா? நாளாக நாளாக உள்ளுக்குள்ளதான் தேயும்." நோய் இருக்கிறது என்று அறிவிக்க எங்கள் சான்றிதழ் இடம் தராது. மூன்று அளவுகளையும் தாளில் எழுதி, அரசாங்கக் கிளினிக்கில் காட்டச் சொன்னேன். அவர் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் கோவப்பட்டாலும் படாட்டியும் போகணும், இல்ல?" என்றார்.

"ஆமாம்மா, இந்த வாரமே" என்றேன்.