மழையைத் தின்ற மரமும் ஓசோன் ஓட்டையும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பதிகம் பெற்ற ஊர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் வைக்கிற வட்டாரம் இது. மழை முன்போல இல்லை என்று இங்கே யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஏன் இல்லை என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். பதில் தப்பாக இருந்தால் வெறும் பேச்சோடு போகாது. அதை நம்பிச் செலவழிக்கிற பணமும் உழைப்பும் தப்பான இடத்துக்குப் போகும். அப்படிச் சில பதில்களை இங்கே பார்ப்போம்.

“சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் மழை இல்லை.”

தமிழ்நாட்டில் இவ்வளவு வேகமாகப் பரவிய வானிலைக் கதை வேறு இல்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலத்துக்குச் சராசரியாக 44 செ.மீ. கிடைக்க வேண்டும், கிடைத்தது சுமார் 17 செ.மீ. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. வயிற்றெரிச்சலில் இருந்த மக்களுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது, முள்மரம் அகப்பட்டது. வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மரங்களை அகற்றச் சொன்னது, ஜேசிபிகள் இறங்கின. அதே ஆண்டில் சென்னை அமர்வு அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் விதித்தது.

எந்த மரமும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சி மழையைத் தடுப்பதில்லை. வேர் மண்ணிலிருந்து எடுத்த நீரை இலை ஆவியாக வெளியே விடுகிறது. நீர் போகும் திசையே நேர்மாறு. நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேண்டிய ஈரம் வங்கக் கடலிலிருந்து வருகிறது. ஏரிக்குள் நிற்கும் முட்புதரால் அதை மறிக்க முடியாது. இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். 2015இல் காஞ்சிபுரம் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தபோதும் அதே மரங்கள் அதே ஏரிகளில் நின்றுகொண்டிருந்தன. 2015இல் மழையை விட்டுவிட்ட மரம் 2016இல் மட்டும் எப்படித் தின்றது?

அதற்காகச் சீமைக் கருவேலத்துக்கு நற்சான்று கொடுக்க வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்த இந்த அமெரிக்க மரம் நிலத்தடி நீரை ஆழம் வரை தேடிப் போகும், வரத்துக்காலை அடைக்கும், வேறு செடிகளை வளரவிடாது. ஏரிக்குள்ளும் கால்வாயிலும் இருப்பதை எடுக்கத்தான் வேண்டும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தோடு விதைத்துவிட்டுப் போகும். வேரோடு எடுத்து, அடுத்த சில ஆண்டுகளும் கண்காணிக்க வேண்டும். மழை வரும் என்று வெட்டியவர்கள் மழை வராதபோது சலித்து விட்டுவிட்டார்கள். தப்பான காரணத்தின் விலை அதுதான்.

“ஓசோனில் ஓட்டை விழுந்து, அது வழியாகத்தான் வெயில் இறங்குகிறது.”

இல்லை. ஓசோன் படலம் மெலிந்தால் புறஊதாக் கதிர் கூடும். அதனால் தோல், கண் கெடும். கோடை வெப்பம் ஏறுவது வேறு கதை. அந்த ஓட்டையும் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஆண்டுதோறும் சில மாதம் விழுவது, உத்திரமேரூருக்கு மேலே அல்ல. 1985இல் அது தெரியவந்தது; 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டு, ஓசோனைக் கெடுத்த வாயுக்களை நாடுகள் படிப்படியாகக் கைவிட்டன. படலம் மெல்ல மீண்டு வருகிறது. இந்தியாவில் ஓசோனை அளக்கும் கருவிகளை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி. பாடப்புத்தகங்கள் அவர் பெயரை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் பிடித்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

“கத்திரி வெயில் எப்போதும் சுடத்தானே செய்யும்? இதில் புதிதாக என்ன?”

கத்திரி சுடும், சரி. மாகறல் இருக்கும் அட்சரேகையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். நிலம் சூடேறி முடிய இன்னும் சில நாள் ஆகும். அதனால் மே மாதம் உச்சம். இது பருவம், என்றும் இருந்தது. புதிதாக வந்திருப்பது அதன்மேல் ஏறியிருக்கும் கூடுதல் சூடு. 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால், 2024இல் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்கிறது உலக வானிலை அமைப்பு.

சூரியனே சூடாகிவிட்டதோ என்றும் சிலர் கேட்கிறார்கள். அப்படியானால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. வெப்பம் கீழேயே தங்கிவிடுகிறது என்று அர்த்தம். தங்க வைப்பதில் முதல் ஆள் கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இத்தனூண்டு வாயுவா என்று நினைக்க வேண்டாம்; ஒரு குடம் பாலைத் தோய்க்க ஒரு கரண்டி மோர் போதும். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பத்தை மறிப்பதில்லை, கரியமில வாயுவும் நீராவியும் மறிக்கின்றன என்று ஜான் டிண்டால் 1859இலேயே சோதனையில் காட்டத் தொடங்கிவிட்டார்.

பகல் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு இரவை மறந்துவிடுகிறோம். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், கோடைப் பயிர்க்காலத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது மகசூல் பத்து சதவீதம் குறைந்ததாக 2004இல் ஆய்வு வந்தது. பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மணி பிடிக்காமல் பதராகும். நவரை, சொர்ணவாரி வைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் ஓசோனைவிடப் பக்கத்தில் இருப்பவை.

“புகை விடுவது தொழிற்சாலை. நெல் வயல் என்ன கெடுதல் செய்யும்?”

பாதி சரி. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான் பெருங்கேடு. உழவரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனாலும் தேங்கிய நீருக்கடியில், காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மனிதர் செயலால் வரும் மீத்தேனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. இதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. நீர்ச் செலவு கணிசமாகக் குறையும், மீத்தேனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைய வாய்ப்புண்டு. கிணற்றுப் பாசனத்தில் இது சுலபம். ஏரிப் பாசனத்தில் மடைத் தண்ணீர் வயல்விட்டு வயல் பாய்வதால் ஒருவர் மட்டும் செய்ய முடியாது. பக்கத்து வயல்காரர்களும் சேர வேண்டும்.

“2015 வெள்ளம் பூமி சூடானதால் வந்தது. நம்மால் ஆவது ஒன்றுமில்லை.”

இது படித்தவர்களின் மூடநம்பிக்கை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று அந்த மழையை ஆராய்ந்து மறு ஆண்டு முடிவை வெளியிட்டது. வெப்பமயமாதலின் கை அதில் இருந்ததற்குத் தெளிவான அடையாளம் கிடைக்கவில்லை என்றது அந்த ஆய்வு. ஒவ்வொரு பேய்மழையையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதினால், ஏரி வாயை அடைத்தவர்களும் ஆற்றுப் புறம்போக்கில் கட்டியவர்களும் தப்பித்துக்கொள்வார்கள்.

ஆனால் வரும் காலத்தைப் பற்றிய விதி மாறாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். கொட்டும்போது அதற்கேற்பக் கொட்டும். மொத்த மழை அதே அளவாக இருந்தாலும் அது சில நாளில் பெய்து முடிந்துவிட்டால், பிடித்து வைக்க ஏரி வேண்டும். 2015இல் கடலுக்கு ஓடியதில் ஒரு பங்கு தங்கியிருந்தால்கூட அடுத்த ஆண்டு வறட்சி அவ்வளவு கடித்திருக்காது. இந்த மாவட்டத்து ஏரிகள் சங்கிலியாகக் கட்டப்பட்டவை: ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததன் வரத்து. நடுவில் ஒரு கால்வாய் தூர்ந்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி.

இதை நம் வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அந்த ஓலையில் தேர்ந்தெடுத்தது யாரை என்று கேட்பதில்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊர்ச்சபையின் வேலையாக இருந்தது.

இன்றும் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 கூட்டத்தில் வரத்துக்காலைப் பற்றிப் பேசினால் காலம் கடந்துவிடும். அந்த மாதம் மூன்றாம் வாரத்தில் பருவமழை தொடங்கிவிடும். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே கேளுங்கள்: நம் ஏரியின் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, கலங்கலும் மதகும் என்ன நிலையில் இருக்கின்றன, மழைக்கு முன் யார் சரிசெய்யப் போகிறார்கள்? பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.