ஆறும் உவரும்

சென்னை மாநகரின் வடபால் அமைந்தது கொருக்குப்பேட்டை. இருப்புப்பாதைகளும் ஆலைகளும் சூழ்ந்த இப்பகுதியை அடுத்து ஓடும் பக்கிங்காம் கால்வாய், வடக்கே சென்று எண்ணூர்க் கழியோடு கலக்கிறது. கொசத்தலையாறு கடலை அடைவதும் அக்கழியின் வழியேதான். ஆந்திரம், தமிழகம் ஆகிய இரு மாநிலங்களின் மழைநீரையும் சுமந்து வரும் அந்த ஆறு, நெடுங்காலம் ஓசையின்றி ஒரு காவற்பணியையும் செய்துவந்தது. கடலின் உவர்நீர் நிலத்தடியில் புகாதவாறு காப்பதே அப்பணி.

உவர்நீர் நன்னீரைக் காட்டிலும் எடை மிக்கது. ஆதலின், கடற்கரை நிலத்தின் அடியில் உவர்நீர் கீழே தங்க, நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம் வரை உவர்நீரை அது விலக்கி வைக்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கமோ அச்சந்தருவது. மேலே ஓரடி குறைந்தால், கீழே நாற்பதடி உவர் ஏறிவிடும்!

1944ஆம் ஆண்டில் பூண்டியில் இந்த ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் எழுந்தது. சென்னையின் தாகம் தணிக்க அது இன்றியமையாதது. அதனைக் குறை கூறுதல் முறையன்று. எனினும், ஆற்றின் கீழ்ப்பகுதிக்குச் செல்லும் நீர் குறைந்தது. பின்னர் மீஞ்சூர்ப் பகுதியில் உழவுக்கும் ஆலைகளுக்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் வழியே நிலத்தடிநீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. எடுத்த அளவை மழையால் ஈடுசெய்ய இயலவில்லை. 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை பரவியிருந்த உவர், 1983இல் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நன்னீர் சுரந்த கிணறுகள் உவர்த்தன. பயிருக்கு ஆகாத நீரைக் கண்டு உழவர் திகைத்தனர்.

உப்பு கடலிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை, வயலிலிருந்தும் வரும். வட அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளும் மெக்சிகோவும் பகிர்ந்துகொள்கின்றன. பூண்டி நீர்த்தேக்கம் எழுந்த அதே 1944இல் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆண்டுதோறும் 15 இலட்சம் ஏக்கர் அடி நீரை மெக்சிகோவுக்கு உரியதாக்கியது. அளவு தெளிவாக எழுதப்பட்டது. நீரின் தன்மை அவ்வாறு எழுதப்படவில்லை. 1961இல் அரிசோனாவின் வயல்களில் வடிந்த உவர்நீர் ஆற்றில் விடப்பட்டது. எல்லையைக் கடந்து வந்த நீர் அளவிற் குறையவில்லை. ஆயினும், மெக்சிகாலிப் பள்ளத்தாக்கின் பயிர்கள் வாடின. முறையீடுகள் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தன. முடிவில், 1973இல் உப்பிற்கும் வரம்பு வகுக்கப்பட்டது. அமெரிக்க எல்லைக்குள் உள்ள இம்பீரியல் அணையின் நீரைவிட, மெக்சிகோ பெறும் நீரில் பத்து இலட்சம் பங்கிற்கு 115 பங்குக்கு மேல் உப்பு மிகலாகாது. இதில் 30 பங்கு கூடலாம், குறையலாம். வடிநீரும் தனிக்கால்வாயில் திருப்பி விடப்பட்டது.

கொசத்தலையாற்றில் எழுந்த உவருக்கு உடன்படிக்கையால் தீர்வு காண இயலாது; கடலோடு எவர் கையெழுத்திடுவர்? ஆதலின், ஆற்றின் குறுக்கே தடுப்பணைகள் அமைத்து, மழைநீரை மண்ணுள் இறங்கச் செய்கின்றனர். உவர் ஒருமுறை புகுந்த மணற்படுகை மீண்டும் நன்னீர் நிலையை அடையப் பல ஆண்டுகள் செல்லும். இதற்கிடையே, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைப் பெறும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. எந்தக் கடலின் உவர் கிணறுகளைக் கெடுத்ததோ, அந்தக் கடலின் நீரே உப்பு நீக்கப்பட்டு வடசென்னையின் குழாய்களை வந்தடைகிறது.