குடற்கிருமியும் நித்திரையும்



சில மாதங்களுக்கு முன், நமது கடையில் வயதில் மூத்த வாடிக்கைக்காரர் ஒருவர் தட்டிலிருந்த புட்டி ஒன்றை எடுத்து, "தம்பி, நல்ல கிருமி அடைத்த கேப்சூலாமே! இதை விழுங்கினால் கவலை குறைந்து தூக்கம் வருமா?" என்று கேட்டார். அவருடைய மனைவி மவுத்தானதிலிருந்து அவர் சரியாக உறங்கியதில்லை என்பதை நாம் அறிவோம். "ஆம்" என்றால் நமக்கு லாபம். ஆனால் அறியாததைச் சொல்லி விற்பது நியாயமன்று. "விசாரித்துச் சொல்கிறோம், அண்ணே" என்றோம். விசாரித்து அறிந்ததைக் கீழே தருகிறோம்.

குடலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நமது பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. நம்மால் ஜீரணிக்க இயலாத நாரைப் பக்குவப்படுத்தித் தருபவையும் உண்டு. வேகஸ் என்னும் நரம்பு மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே செய்தி கொண்டு செல்கிறது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற பொருளில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உண்டாகிறது. ஆயினும் அது இரத்தத்தின் வழியே மூளைக்குள் நுழைவதில்லை. விற்பவர்களிற் சிலர் முன்பாதியைச் சொல்லிப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆராய்ச்சி சொல்வது யாது?

2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார், கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகள் நெருக்கடியில் மற்றவற்றைவிட அதிகமாகப் பதறுவதைக் கண்டனர். 2011-ல் அயர்லாந்து விஞ்ஞானிகள் லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் என்ற கிருமியின் ஒரு வகையைக் கொடுத்தபோது சுண்டெலிகளின் அச்சம் குறைந்தது. வேகஸ் நரம்பை அறுத்ததும் அப்பலன் மறைந்தது. அதே வகையை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2017-ல் வெளியாயிற்று: வெற்று மாத்திரையைவிட யாதொரு பலனும் இல்லை!

அதே 2017-ல் ஜப்பானிலிருந்து வேறொரு முடிவும் வந்தது. பரீட்சைக்குப் படித்த மருத்துவ மாணவர்கள் 11 வாரம் ஷிரோட்டா வகைக் கிருமி சேர்ந்த புளித்த பாலைக் குடித்தபோது, அவர்களுடைய உறக்கம் ஓரளவு நன்றாயிருந்தது. 1935 முதல் யாக்குல்ட் என்ற பெயரில் விற்கப்படுவது அவ்வகைதான். அப்பானத்தைத் தயாரிக்கும் கம்பெனியாரும் அந்த ஆராய்ச்சியில் பங்குகொண்டார்கள் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆகவே, ஒரு வகையின் பலனை மற்றொரு வகைக்குச் சொல்லலாகாது. பொன்னியும் அரிசி, பாஸ்மதியும் அரிசி. ஆனால் பிரியாணிக்கு இரண்டும் ஒன்றாகுமா?

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. புட்டியில் கிருமியின் பெயரோடு அதன் வகையும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

2. அவை உயிருள்ளவை, உஷ்ணத்தில் மடியக்கூடும். குளிரில் வைக்கச் சொன்னால் அப்படியே வைக்க வேண்டும்.

3. கேப்சூல் உறை ஜெலட்டினால் ஆனதாகலாம். ஹலால் முத்திரையைப் பாருங்கள்.

4. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் டாக்டரைக் கேளாமல் உண்ணலாகாது. டாக்டர் கொடுத்த மருந்தை இதற்காக நிறுத்தவும் கூடாது.

5. வாரத்தில் 3 இரவுகளாவது உறக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்தால் கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இவற்றையெல்லாம் அப்பெரியவரிடம் சொன்னோம். அவர் புட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, மறுவாரம் கிளினிக்குக்குப் போனார். இப்போது கடை அடைத்தபின் அவரும் நாமும் சிறிது நேரம் பேசியிருக்கிறோம். அவருடைய கவலைக்குப் புட்டியில் மருந்து இருக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல முடிந்ததில் ஒரு வியாபாரம் போனது நமக்கு நஷ்டமாகத் தோன்றவில்லை.